இயந்திரம் எடுத்துக்கொள்வது வேலையின் எந்தப் பகுதியை?

1919-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் பெல் நிறுவனம் டயல் தொலைபேசியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ரிசீவரை எடுத்ததும் ஓர் ஆபரேட்டர் பேசுவார். யாருடைய இணைப்பு வேண்டும் என்று சொன்னால், எதிரே உள்ள பலகையில் உரிய துளையைப் பார்த்து வயரைச் செருகிக் கொடுப்பார். இந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அந்நாளில் அமெரிக்க இளம்பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று. டயல் வந்தபின் துளை தேடுவதைச் சுவிட்சுகளே பார்த்துக்கொண்டன. 1940-க்குள் பெல் வலையமைப்பில் பாதிக்கும் மேல் இப்படி மாறிவிட்டது.

ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைக் கொண்டு, அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று நகரம் நகரமாகத் தேடினார்கள். கிடைத்த விடை இரண்டு விதமாக இருந்தது. அடுத்து வளர்ந்து வந்த இளம்பெண்களுக்கு மொத்தத்தில் வேலைவாய்ப்புக் குறையவில்லை. செயலர் பணி, உணவகம் என்று வேறு இடங்களில் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் இயந்திரம் வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பாடு வேறு. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட இவர்கள் வேலையில்லாமலோ, குறைந்த கூலி வேலையிலோ இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

தானியக்கம் பற்றி இன்று நடக்கும் விவாதத்தில் ஒரு தரப்பு முதல் விடையைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு தரப்பு இரண்டாவதை. இரண்டும் ஒரே ஆய்வில் வந்தவைதான். இரு தரப்பும் எண்ணிக்கொண்டிருப்பது ஒன்றையே: எத்தனை வேலைகள் போகும், எத்தனை வரும். வேலையை இழக்காமல் அதே நாற்காலியில் தொடர்கிறவர்களைப் பற்றி இந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. எண்ணிக்கையில் அவர்களே மிக அதிகம். அவர்களுடைய வேலை பெயர் மாறாமல், பல சமயம் சம்பளமும் மாறாமல், உள்ளுக்குள் வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது.

47-ஆ, 9-ஆ?

2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியக்கத்தால் அதிக ஆபத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியான எண் இது. மூன்று ஆண்டு கழித்து, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்புக்காகச் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு அதே கேள்விக்கு 9 சதவீதம் என்றது. அந்தக் காலத்துக்குள் தொழில்நுட்பம் பின்னோக்கிப் போய்விடவில்லை. முதல் ஆய்வு ஒவ்வொரு தொழிலையும் முழுதாக ஒரே பொருளாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது ஆய்வு, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுக்க உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று பணி பணியாகப் பிரித்துப் பார்த்தது. கணக்கர் என்றால் கூட்டல் கழித்தல் மட்டும் செய்பவரா? வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துகிறார், சந்தேகமான பில்லை மோப்பம் பிடிக்கிறார், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிரித்துப் பார்த்தால் முழுதாக இயந்திரத்திடம் கொடுக்கக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1950-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருந்த சுமார் 270 தொழில்களை ஜேம்ஸ் பெசன் என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். பல தொழில்கள் மறைந்திருந்தன; ஆனால் தானியக்கத்தால் மட்டுமே மறைந்தது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, லிஃப்ட் ஆபரேட்டர். 2016-ல் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். அந்தக் கெடு முடிந்தபின்னும் பல நாடுகளில் ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான்.

ஆகவே இயந்திரம் ஒரு தொழிலின் சில பகுதிகளை எடுத்துக்கொண்டு மீதியை மனிதரிடம் விட்டுவைக்கிறது. எந்தப் பகுதி போகிறது, எது மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலுப்பூட்டும் பகுதி போய்விடும், ஆர்வமான பகுதி நம்மிடம் இருக்கும் என்பது விற்பனைக்கூட்டங்களில் சொல்லப்படும் கதை. சில இடங்களில் அது உண்மை. ஆனால் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இயந்திரத்துக்கு எது எளிதோ அது போகிறது. நமக்கு எது அலுப்பு என்று அது கேட்பதில்லை.

1983-லேயே இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ். வடிவமைப்பாளர் தன்னால் முடிந்ததையெல்லாம் தானியக்கமாக்குகிறார். முடியாததை மனிதரிடம் விட்டுவிடுகிறார். மனிதருக்கு மிஞ்சுவது, ஒன்றும் நடக்காத திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது. அதை மனித மனம் நீண்ட நேரம் செய்யாது. கையாலே செய்து பழகாததால் திறமையும் மழுங்குகிறது. பிறகு இயந்திரம் கைவிரிக்கும் அந்த ஒரு நாளில், அதாவது மிகக் கடினமான நாளில், மழுங்கிய கையை நம்பி எல்லாம் ஒப்படைக்கப்படுகிறது.

2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கி அட்லாண்டிக் பெருங்கடல் மேலே பறந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்து அளவுகள் முரண்பட்டன. ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. அளவுகள் கோளாறாக இருந்தது சுமார் ஒரு நிமிடம்தான். ஆனால் அவ்வளவு உயரத்தில் கையால் விமானத்தை ஓட்டிப் பழக்கமில்லாத விமானிகள் அதன் மூக்கை மேலே தூக்கினார்கள். இறக்கைகள் காற்றில் தாங்கும் விசையை இழந்தன. ஆட்டோ பைலட் விலகியதிலிருந்து நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். தானியக்கம் விமானப் பயணத்தை முன்னைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானதாக்கியது என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்புக்கான விலையின் ஒரு பங்கை விமானியின் கைத்திறன் கொடுத்தது.

அலுவலக வேலைகளில் உயிர்ச்சேதம் இல்லை. அதனால் அங்கே நடப்பது கண்ணில் படுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்களைப் பாருங்கள். அவர்களில் பலருக்கு இப்போது வருவது மூலப் பிரதி மட்டுமில்லை. இயந்திரம் முன்னமே மொழிபெயர்த்துவைத்த ஒரு பிரதியும் சேர்ந்து வருகிறது. அதைத் திருத்தித் தர வேண்டும். ஊதியம் முழு மொழிபெயர்ப்புக்கு உரியதைவிடக் குறைவு. சொல்லைத் தேடி, வாக்கியத்தைக் கட்டி, சரியாக அமைந்ததும் கிடைக்கும் மகிழ்ச்சி இயந்திரத்திடம் போய்விட்டது. பிழை பார்க்கும் வேலை மொழிபெயர்ப்பாளரிடம் நின்றுவிட்டது. நிரல் எழுதுபவர்களிடமும் இதே புலம்பலைக் கேட்கலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, என்னைப் பொறுத்தவரை இதுவே பெரியது. எந்தத் தொழிலிலும் எளிய வேலைகளைச் செய்து செய்துதான் கடின வேலைக்குப் பழகுகிறோம். அறுவை சிகிச்சையைப் பற்றி மேட் பீன் என்ற ஆய்வாளர் கவனித்தது இது. வழக்கமான திறந்த அறுவை சிகிச்சையில் மூத்த மருத்துவருக்கு இன்னொருவர் கை தேவை; பயிற்சி மருத்துவர் பிடித்துக்கொள்கிறார், வெட்டுகிறார், தைக்கிறார், அப்படியே கற்கிறார். ரோபோ வந்தபின் மூத்தவர் தனியாகவே முழுதையும் முடித்துவிட முடிகிறது. பயிற்சி மருத்துவர் பெரும்பாலான நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நோயாளிக்குப் பாதகமில்லை, மருத்துவமனைக்கு நேரம் மிச்சம். இருபது ஆண்டு கழித்து மூத்த மருத்துவர் எங்கிருந்து வருவார் என்ற கேள்விக்கு அந்த அறையில் இருக்கும் யாரும் பொறுப்பில்லை.

ஃபோர்டு போட்ட பேரம்

வேலையிலிருந்து சுவையை உறிஞ்சியது கணினி முதன்முதலாகச் செய்த காரியம் என்று நினைக்க வேண்டாம். 1913-ல் ஹென்றி ஃபோர்டு தன் ஹைலேண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த கார் அடிச்சட்டப் பொருத்தம், அடுத்த ஆண்டிலேயே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்கிக்கொண்டிருக்க யாரும் தங்கவில்லை. 1913-ல் மட்டும் தொழிலாளர் வெளியேற்றம் 370 சதவீதத்தைத் தொட்டது. சுமார் 14,000 இடங்களை நிரப்பிவைக்க 50,000-க்கும் மேற்பட்டவர்களை அமர்த்த வேண்டியிருந்தது.

1914 ஜனவரியில் ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அதுவரை கொடுத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, அதுவும் எட்டு மணி நேர வேலைக்கு. வேலை தேடி வந்தவர்களின் கூட்டம் அலைமோதியது. வேலையில் அர்த்தம் இல்லையா, சரி, அதற்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொள், அர்த்தத்தை வீட்டில் தேடிக்கொள் என்பதுதான் அந்தப் பேரம். (அந்த வீட்டையும் நிறுவனம் விட்டுவைக்கவில்லை. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்க்க ஒரு துறையையே வைத்திருந்தார் ஃபோர்டு. தேறினால்தான் முழு 5 டாலர்.)

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தப் பேரத்தின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஓடியது. உழைத்தால் பதவி உயரும், வீடு வாங்கலாம், ஓய்வூதியம் வரும். ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று சொன்ன தலைமுறைக்கு வேலை என்பது சம்பளத்தோடு மரியாதையும் சேர்ந்தது. பிற்பாடு நிறுவனங்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டன: வேலையை நேசி, அதுவே உன் அடையாளம், நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்திலிருந்து மின்னஞ்சல் மூலம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களை நீக்கிய காட்சிகள் 2022, 2023-ல் தொழில்நுட்பத் துறையில் அடுத்தடுத்து அரங்கேறின.

மனப்பான்மை மாறிவிட்டது, இளைஞர்களுக்கு உழைப்பில் நாட்டமில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தப் பின்னணியை விட்டுவிடுகிறார்கள். 2021-ல் அமெரிக்காவில் தாமாக வேலையை விட்ட நிகழ்வுகள் 4.7 கோடியைத் தாண்டின. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் போய் உட்காரவில்லை. இதைவிட நல்ல வேலைக்கு மாறினார்கள். சீனாவில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற ‘996’ முறைக்கு எதிராக 2019-ல் மென்பொருளாளர்கள் இணையத்தில் குரல் எழுப்பினார்கள். 2021-ல் ‘தாங் பிங்’, அதாவது பேசாமல் படுத்துக்கொள்வது, என்ற மனநிலை பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 996 சட்டவிரோதம் என்றது. 2022-ல், கொடுத்த சம்பளத்துக்கு உரிய வேலையைச் செய்துவிட்டு நேரத்துக்குக் கிளம்புவது ஒரு கிளர்ச்சியாகவே பேசப்பட்டது. பேரத்தின் மறுபக்கம் தேய்ந்தால் இந்தப் பக்கமும் தேயும். இதைச் சோம்பல் என்று எழுதிவைப்பது எளிது, ஆனால் கணக்கு அப்படிக் காட்டவில்லை.

பட்டியலில் இல்லாத நேரம்

வேலையில் அர்த்தம் எங்கே இருக்கிறது என்று தேடியவர்களில் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். மக்கள் தம் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்று 1997-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள்: பிழைப்பு, முன்னேற்றப் படி, வாழ்வின் அழைப்பு. வியப்பு என்னவென்றால், ஒரே பதவியில் ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களும் இந்த மூன்றாகவும் பிரிந்து நின்றார்கள். ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியபோது, சிலர் தம்மை நோயாளிகளைக் குணப்படுத்தும் அணியில் ஒருவராகவே கருதினார்கள். யாருக்குப் பார்வையாளர்கள் வரவில்லை என்று கவனித்து, அந்த அறையில் சற்று நேரம் கூடுதலாக நின்று பேசினார்கள். ஒருவர், நினைவிழந்து கிடந்தவர்களின் அறைச் சுவரிலிருந்த படங்களை அவ்வப்போது இடம்மாற்றி மாட்டினார். சூழல் மாறினால் மூளைக்கு ஏதாவது பயன் இருக்கலாமே என்ற எண்ணத்தில். இவற்றில் எதுவும் அவர்களுடைய பணிப்பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாத இந்த நிமிடங்களைத்தான் மென்பொருள் முதலில் கண்டுபிடித்து அழிக்கிறது. கிடங்குகளில் ஒரு பொருளை எடுக்க எத்தனை நொடி, வாடிக்கையாளர் அழைப்பை முடிக்க எத்தனை நிமிடம், அடுத்த வீட்டுக்கு எந்த வழி என்று எல்லாவற்றையும் அல்காரிதம் அளக்கும் இடத்தில், கூடுதலாக நின்று பேசுவது ‘வீண் நேரம்’ என்று பதிவாகும். மேலாளரிடம் சொல்லிப் புரியவைக்கலாம் என்றால் மேலாளரும் அதே திரையைத்தான் பார்க்கிறார். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் செயலி வழித் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த விதிகளில், ஒருவரின் கணக்கை முடக்குவது, பணிநீக்கம் செய்வது போன்ற முடிவுகளை மனிதரே எடுக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதியாக வேண்டிய நிலை வந்ததே பெரிய செய்தி.

மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2013-ல், நம் காலத்து வேலைகளில் பெரும்பங்கு யாருக்கும் பயனற்றவை, செய்கிறவர்களுக்கே அது தெரியும் என்று எழுதியபோது, அது காட்டுத்தீயாகப் பரவியது. 2015-ல் பிரிட்டனில் எடுத்த ஒரு யூகவ் கருத்துக்கணிப்பில் 37 சதவீதத்தினர், தம் வேலை உலகுக்கு அர்த்தமுள்ள பங்களிப்பு எதையும் செய்யவில்லை என்றார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் ஐரோப்பிய பணிச்சூழல் கணக்கெடுப்பைப் பார்த்தபோது, தம் வேலை பயனுள்ளது என்று எப்போதாவது மட்டுமே உணர்கிறவர்களும் ஒருபோதும் உணராதவர்களும் சேர்ந்தே 5 சதவீதத்துக்கும் குறைவு. கேள்வியைக் கேட்ட விதம் வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அந்த எண்ணைவிட அதன் காரணம்: பயனற்ற உணர்வு தொழிலின் வகையோடு அவ்வளவாக ஒட்டவில்லை, மேலாளர் மதிக்கிறாரா, தன் யோசனைப்படி செய்ய இடமிருக்கிறதா, ஒழுங்காகச் செய்ய நேரம் கொடுக்கிறார்களா என்பதோடுதான் ஒட்டியிருந்தது.

அப்படியானால் வேலையே இல்லாமல் போனால் என்ன? 1930-ல் பொருளாதார மேதை ஜான் மேனார்டு கெய்ன்ஸ், நூறாண்டில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும், மீதி நேரத்தை என்ன செய்வது என்பதே பெரிய பிரச்சினையாகும் என்றார். அவர் அதை வெளியிட்ட அதே ஆண்டு வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூரில், ஊரையே தாங்கிநின்ற நெசவாலை மூடியது. மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அங்கே போய் நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். நேரம் ஏராளமாக இருந்தது. ஆனால் நூலகத்தில் கட்டணத்தை நீக்கியும் புத்தகம் எடுப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வீதியில் ஆண்களின் நடை மெதுவானது. நின்று நின்று போனார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று நேர அட்டவணை எழுதச் சொன்னபோது, காலை எழுந்ததும் மாலை படுத்ததும் நினைவிருந்தது, நடுவே எழுத ஒன்றுமில்லை. ‘இதற்கிடையே மதியம் ஆகிவிடுகிறது’ என்று ஒருவர் எழுதினார். பெண்கள் அப்படி ஆகவில்லை. சம்பளம் நின்றாலும் சமையலும் துணியும் பிள்ளைகளும் நிற்கவில்லையே.

வேலை கொடுப்பது சம்பளம் மட்டுமில்லை என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், ஏதாவது செய்தே தீர வேண்டிய கட்டாயம். வெறும் ஓய்வு இவற்றைத் தருவதில்லை. அதற்காக நீண்ட நேரம் உழைத்தால்தான் இவை கிடைக்கும் என்றும் இல்லை. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வார வேலையை 40 மணியிலிருந்து 35, 36 மணிக்குக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலையின் அளவு குறையவில்லை. மன அழுத்தம் குறைந்தது. பின்லாந்தில் 2017, 2018-ல் வேலையில்லாத 2,000 பேருக்கு நிபந்தனையின்றி மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். பணம் வந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பயம் பொய்த்தது. பெரிய அளவில் வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. மனநலம் மேம்பட்டது.

இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் தானாக நம் கைக்கு வராது என்பதற்கு வீட்டு வேலையே பழைய சான்று. சலவை இயந்திரமும் வாக்குவம் கிளீனரும் வந்தபின் இல்லத்தரசிகளின் உழைப்பு நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் காட்டினார். சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை துவைத்தது அடிக்கடி ஆனது. ஒரு மணி நேர அறிக்கையைப் பத்து நிமிடத்தில் எழுதித் தரும் கருவி வந்தால் அலுவலகம் என்ன செய்யும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்: ஆறு அறிக்கை கேட்கும்.

2023-ல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் கவனத்துக்குரியது. அவர்கள் செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்யவில்லை. நிறுவனம் சம்மதித்தால் எழுத்தாளர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்புக்கு நிகராகக் கணக்கிட்டு ஊதியத்தையோ பெயரையோ குறைக்க முடியாது. இயந்திரம் எழுதிய பிரதியைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். எந்தப் பகுதி இயந்திரத்துக்கு, எந்தப் பகுதி தமக்கு என்பதை முடிவுசெய்யும் மேசையில் அவர்கள் ஒரு நாற்காலி வாங்கினார்கள்.

அதே 2023-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றியது. எரிக் பிரின்யால்ஃப்சனும் சகாக்களும் செய்தது. சாட்டில் என்ன பதில் எழுதலாம் என்று யோசனை சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொடுத்ததும், சராசரியாக 14 சதவீதம் கூடுதல் வேலை நடந்தது. புதியவர்களுக்கு 34 சதவீதம். அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கருவி கற்றது பழைய உரையாடல்களிலிருந்து. அவற்றில் சிறந்த ஊழியர்கள் எப்படிப் பேசினார்கள், கோபமாக வந்தவரை எப்படி அமைதிப்படுத்தினார்கள் என்பதைத்தான் புதியவருக்கு எடுத்துக் கொடுத்தது. புதியவருக்கு அது நல்லதே. ஆனால் வருடக்கணக்கில் பழகித் தேறிய அந்தக் கைவண்ணம் யாருடையதோ, அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அவர் இப்போதும் அதே நாற்காலியில் இருக்கிறார், அதே பதவிப் பெயரில். அவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ன என்று பேரம் பேச அவருக்கு மேசையே இல்லை.